300 கேட்டால் 400 வரும்: வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜ் முடிவு செய்வது எப்படி?

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். உங்களுக்கு 270 வோல்ட் டிசி வேணும். முழு அலை ரெக்டிஃபயர் போடப் போறீங்க. டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரி எத்தனை வோல்ட் இருக்கணும்?

நம்மில் பாதிப் பேருக்குக் கை தானாகவே எழுதும்: சராசரி டிசி என்பது உச்ச மதிப்பின் இரு மடங்கை 'பை'யால் வகுத்தது. அதாவது ஆர்.எம்.எஸ். மதிப்பில் 0.9 மடங்கு. 270-ஐ 0.9-ஆல் வகுத்தால் 300. விடை: 300 வோல்ட். தேர்வில் முழு மதிப்பெண்.

அதே 300 வோல்ட்டை எழுதிக் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? 270 வராது. சுமை இருக்கும்போது 400-ஐ ஒட்டி வரும். வால்வு சூடாகாத முதல் சில நொடிகளில் 440-ஐ ஒட்டி நிற்கும். 300 வோல்ட் மட்டுமே தாங்கும் வால்வின் தலையில் 400 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுத்த காசும் போச்சு, வால்வும் போச்சு.

ஃபார்முலா தப்பில்லை. அது ஃபில்டர் கெப்பாசிட்டர் இல்லாத ரெக்டிஃபயருக்கு, அல்லது சோக் முதலில் வரும் ஃபில்டருக்கு. கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் ரெக்டிஃபயருக்கு அடுத்து நேராகக் கெப்பாசிட்டர்தான் உட்கார்ந்திருக்கும். கெப்பாசிட்டர் சராசரியைப் பிடிக்காது, உச்சியைப் பிடிக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையில் பாதி முடிந்தது. மீதிப் பாதி, அந்த உச்சியிலிருந்து எவ்வளவு கழியும் என்ற கணக்கு.

எந்த ஆம்ப்ளிஃபயர்?

பேசுவதற்கு ஒரு உதாரணம் வேண்டும். ஹாஸ்டல் அறைக்கும் வீட்டுக்கும் போதுமான, முதல்முறை செய்பவர்களுக்கு ஏற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஒரே ஒரு ஈஎல்84 பவர் வால்வு, அதற்கு முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7. சிங்கிள் எண்டட், கிளாஸ் ஏ. சுமார் 5 வாட். "5 வாட் தானா?" என்று முகம் சுளிக்காதீங்க. நல்ல ஸ்பீக்கர் ஒன்றில் மாட்டினால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்ட 5 வாட் தாராளம்.

ஈஎல்84 ஐரோப்பிய வால்வு ரேடியோக்களில் பரவலாக இருந்த வால்வு. வாக்ஸ் ஏசி15-இல் இரண்டு, ஏசி30-இல் நான்கு என்று கிட்டார் உலகத்துக்கும் வந்தது. இன்றைக்கும் புதிதாகத் தயாராகிறது. அதன் தகவல் தாளில் நமக்கு வேண்டிய எண்கள் இவை:

- பிளேட் வோல்டேஜ் எல்லை: 300 வோல்ட்
- ஸ்கிரீன் வோல்டேஜ் எல்லை: 300 வோல்ட்
- பிளேட்டில் வெப்பமாகப் போகும் திறனின் எல்லை: 12 வாட்
- ஹீட்டர்: 6.3 வோல்ட், 0.76 ஆம்பியர்
- கிளாஸ் ஏ இயக்கத்துக்குச் சொல்லப்பட்ட நிலை: பிளேட் 250, ஸ்கிரீன் 250 வோல்ட், கேத்தோடு ரெசிஸ்டர் 135 ஓம், பிளேட் கரண்ட் 48 மில்லி ஆம்பியர், ஸ்கிரீன் கரண்ட் 5.5 மில்லி ஆம்பியர்

250-ஐ 48 மில்லி ஆம்பியரால் பெருக்கிப் பாருங்க. சரியாக 12 வாட். எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறோம். இதை மனதில் வையுங்க, பின்னால் திரும்ப வருவோம்.

பின்னாலிருந்து முன்னால் கணக்கு

பலர் முதலில் கையில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிவிட்டு, "இதுல எவ்வளவு வரும்?" என்று கேட்பார்கள். நாம் தலைகீழாகப் போவோம். வால்வுக்கு என்ன வேண்டும் என்பதில் தொடங்கி, சுவரில் இருக்கும் பிளக் வரைக்கும் பின்னோக்கி நடப்போம்.

முதல் படி: தகவல் தாளில் உள்ள 250 வோல்ட் என்பது பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே உள்ள வோல்டேஜ். கிரவுண்டிலிருந்து அளப்பது அல்ல. நம் கேத்தோடு கிரவுண்டில் இல்லை. 135 ஓம் மேலே உட்கார்ந்திருக்கிறது. 48-உம் 5.5-உம் சேர்ந்து 53.5 மில்லி ஆம்பியர் அதன் வழியே போவதால் கேத்தோடு சுமார் 7 வோல்ட்டில் நிற்கும். ஆக, பிளேட் கிரவுண்டிலிருந்து 257 வோல்ட்டில் இருக்கணும்.

இரண்டாவது படி: பிளேட்டுக்கு மின்சாரம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வழியாக வருகிறது. அந்தச் செம்புக் கம்பிக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களில் 200 முதல் 300 ஓம் சாதாரணம். 270 ஓம் என்று வைத்தால், 48 மில்லி ஆம்பியரில் 13 வோல்ட் அங்கே போய்விடும்.

250 + 7 + 13 = 270. இதுதான் முதல் கெப்பாசிட்டரில் நமக்கு வேண்டிய வோல்டேஜ். வால்வு உலகில் இதை 'பி பிளஸ்' என்பார்கள்.

ஸ்கிரீனுக்கும் 12ஏஎக்ஸ்7-க்கும் அடுத்தடுத்த ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வழியாகக் குறைத்துக் கொடுப்போம். முதல் ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம் என்றால், ஸ்கிரீனின் 5.5-உம், 12ஏஎக்ஸ்7-இன் இரண்டு பாதிக்கும் சேர்த்து சுமார் 2-உம் ஆக 7.5 மில்லி ஆம்பியரில் 11 வோல்ட் குறையும். ஸ்கிரீன் 259-இல் நிற்கும். கேத்தோடின் 7-ஐக் கழித்தால் 252. அருமை.

மொத்தக் கரண்ட்: 48 + 5.5 + 2 = 55.5. கணக்குக்கு 56 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

டையோடு போட்டால்

இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது: 56 மில்லி ஆம்பியர் ஓடும்போது 270 வோல்ட் டிசி கொடுக்க எத்தனை வோல்ட் ஏசி வேண்டும்? நான்கு 1என்4007 டையோடுகளால் பிரிட்ஜ் போடுகிறோம், முதல் கெப்பாசிட்டர் 47 மைக்ரோ ஃபாரட் என்று வைப்போம்.

கெப்பாசிட்டர் உச்சியைப் பிடிக்கும், ஆனால் அங்கேயே நிற்காது. அடுத்த உச்சி வரும்வரை ஆம்ப்ளிஃபயர் அதிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். முழு அலையில் விநாடிக்கு 100 தடவை நிரம்பும். 0.056-ஐ, 100-க்கும் 0.000047-க்கும் உள்ள பெருக்கத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 12 வோல்ட் ரிப்பிள். சராசரி, உச்சியிலிருந்து அதில் பாதி, 6 வோல்ட் கீழே.

பிரிட்ஜில் ஒரே நேரத்தில் இரண்டு டையோடு: 2 வோல்ட்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று: டிரான்ஸ்ஃபார்மரின் கம்பி ரெசிஸ்டன்ஸ். சராசரி கரண்ட் 56 மில்லி ஆம்பியர்தான். ஆனால் அது சீராக வருவதில்லை. ஒவ்வொரு 10 மில்லி செகண்ட் அரைச் சுழற்சியிலும் உச்சிக்குப் பக்கத்தில் ஓரிரண்டு மில்லி செகண்டில்தான் கெப்பாசிட்டர் நிரம்புகிறது. ரேஷன் கடை திறந்திருக்கும் கொஞ்ச நேரத்தில் மாதம் முழுவதற்குமான அரிசியை வாங்குவது போல. அந்த நேரத்தில் கரண்ட் சராசரியைப் போல நான்கு ஐந்து மடங்கு, 250 மில்லி ஆம்பியர் வரை எகிறும். செகண்டரியின் ரெசிஸ்டன்ஸும், பிரைமரியிலிருந்து இந்தப் பக்கம் தெரியும் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து 80 ஓம் என்றால், 20 வோல்ட் கழியும்.

270 + 6 + 2 + 20 = 298 வோல்ட் உச்சம். 1.414-ஆல் வகுத்தால் 211 வோல்ட் ஆர்.எம்.எஸ்.

ஒரு நிமிஷம். இந்த 211 சுமை இல்லாத வோல்டேஜ். டிரான்ஸ்ஃபார்மர் மேல் எழுதியிருப்பதோ முழுச் சுமையில் கிடைக்கும் வோல்டேஜ். 100 மில்லி ஆம்பியர் சுமையில் 80 ஓம் 8 வோல்ட்டைச் சாப்பிடும். ஆக, நாம் கேட்க வேண்டியது 200 வோல்ட், 100 மில்லி ஆம்பியர்.

270-ஐ 200-ஆல் வகுத்தால் 1.35. டையோடு ரெக்டிஃபயருக்கு, லேபிளில் உள்ள ஏசியை 1.3 முதல் 1.35 வரை பெருக்கினால் சுமையோடு கிடைக்கும் டிசி வரும். இது கைக்கணக்கு. தோராயமாகத் தேர்ந்தெடுக்க இது போதும்; கடைசி முடிவுக்கு மேலே போட்ட மாதிரி ஒருமுறை முழுசாகப் போட்டுப் பாருங்க.

வால்வு ரெக்டிஃபயர் போட்டால்

சிலருக்கு ரெக்டிஃபயரும் கண்ணாடிக் குழாயாக இருந்தால்தான் திருப்தி. தப்பில்லை. ஆனால் கணக்கு மாறும். வால்வு ரெக்டிஃபயர் டையோடு மாதிரி 1 வோல்ட்டில் முடித்துக்கொள்ளாது.

5ஒய்3 என்ற பழைய ரெக்டிஃபயரை எடுத்துக்கொள்வோம். அதன் தகவல் தாளில், 350-0-350 வோல்ட் கொடுத்தால் 62.5 மில்லி ஆம்பியரில் 390 வோல்ட் டிசி, 125 மில்லி ஆம்பியரில் 350 வோல்ட் டிசி. 350-இன் உச்சம் 495. அதாவது நம் அளவுக் கரண்டிலேயே 100 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கு. 390-ஐ 350-ஆல் வகுத்து "1.1 மடங்கு" என்று எழுதி வைத்துக்கொண்டு எல்லா வோல்டேஜுக்கும் அதையே போடக்கூடாது. வால்வில் இறங்கும் வோல்டேஜை முடிவு செய்வது அதன் வழியே போகும் கரண்ட். நீங்கள் கொடுத்த ஏசி குறைந்தால் இறக்கம் அதே விகிதத்தில் குறையாது. அதனால் விகிதத்தை எடுக்காதீங்க, இறங்கும் வோல்ட்டை எடுங்க. நமக்கு 56 மில்லி ஆம்பியர். சுமார் 100 வோல்ட் இறக்கம். 270 + 100 = 370. வகுத்தால் 262. ஆக, 260-0-260.

டையோடுக்கு 200, 5ஒய்3-க்கு 260. ஒரே ஆம்ப்ளிஃபயர்தான். அதனால்தான் நெட்டில் யாரோ "ஈஎல்84-க்கு 260 போடு" என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, "ரெக்டிஃபயர் என்ன?"

5ஒய்3-க்கு இன்னும் இரண்டு நிபந்தனை. அதற்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் ஹீட்டர் சுற்று வேண்டும். முதல் கெப்பாசிட்டர் 47 போடக்கூடாது. 16 அல்லது 20 மைக்ரோ ஃபாரட் போதும். பெரிய கெப்பாசிட்டர் நிரம்பும்போது இழுக்கும் கரண்ட்டை அந்தக் குழாய் தாங்காது.

"வால்வு ரெக்டிஃபயர் போட்டால் ஓங்கி வாசிக்கும்போது வோல்டேஜ் கொஞ்சம் தொய்ந்து, சத்தம் மெத்துனு இருக்குமே?" உண்மைதான், புஷ் புல் கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயரில். அங்கே சத்தம் கூடும்போது கரண்ட் பல மடங்கு கூடும், அதனால் தொய்வு வரும். நம்முடையது சிங்கிள் எண்டட் கிளாஸ் ஏ. சும்மா இருக்கும்போதும் ஓங்கி வாசிக்கும்போதும் கிட்டத்தட்ட ஒரே கரண்ட். தொய்வதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் ஆம்ப்ளிஃபயருக்கு டையோடே போதும், செலவும் குறைவு.

300-0-300 என்றால் 300-ஆ, 600-ஆ?

இந்தக் குழப்பம் உயிரையே வாங்கும், கவனமாகப் படிங்க.

300-0-300 என்பது நடுவில் டேப் உள்ள சுற்று. நடு டேப்பைக் கிரவுண்டில் வைத்து, இரண்டு முனைகளிலும் ஆளுக்கு ஒரு டையோடு போட்டால், ஒரு நேரத்தில் பாதிச் சுற்றுதான் வேலை செய்யும். கணக்குக்கு எடுக்க வேண்டியது 300. அதே டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனைகளையும் பிரிட்ஜில் கொடுத்தால் 600-ஐ எடுக்க வேண்டும். உச்சம் 848 வோல்ட். 450 வோல்ட் கெப்பாசிட்டர் வெடிக்கும்.

சுருக்கமாக: பிரிட்ஜுக்கு 0-200. நடு டேப் முறைக்கு 200-0-200. இரண்டும் ஒரே டிசி தரும். பிரிட்ஜுக்குப் பாதிச் சுற்று போதும் என்பதால் சுற்றுபவருக்கு வேலை குறைவு. ஆனால் நடு டேப் முறையில் ஒவ்வொரு டையோடும் இரு மடங்கு உச்ச வோல்டேஜைத் தாங்க வேண்டும். 1என்4007-இன் 1000 வோல்ட் நமக்குப் போதும்.

எத்தனை ஆம்பியர், எத்தனை விஏ?

56 மில்லி ஆம்பியர் டிசி வேண்டும் என்றால் 56 மில்லி ஆம்பியர் செகண்டரி போதுமா? போதாது. மேலே சொன்ன அந்தத் துண்டு துண்டான கரண்ட்டின் ஆர்.எம்.எஸ். மதிப்பு அதிகம், கம்பியைச் சூடாக்குவது ஆர்.எம்.எஸ்.தான். பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் இருந்தால், எடுக்கக்கூடிய டிசி, ஏசி ரேட்டிங்கில் 0.62 பங்குதான். 56-ஐ 0.62-ஆல் வகுத்தால் 90. அதனால்தான் 100 மில்லி ஆம்பியர் கேட்டோம்.

200 வோல்ட்டை 0.1-ஆல் பெருக்கினால் 20 விஏ. ஹீட்டருக்கு 0.76 + 0.3 = 1.06 ஆம்பியர், 6.3 வோல்ட்டில் கிட்டத்தட்ட 7 விஏ. மொத்தம் 27. 35 அல்லது 40 விஏ கோர் எடுத்தால் மணிக்கணக்கில் வாசித்தாலும் கை வைக்க முடிகிற சூட்டில் இருக்கும்.

"எதுக்கும் இருக்கட்டும், 150 விஏ போடலாமா?" வேண்டாம். ரேட்டிங் முழுச் சுமைக்கு எழுதியது. சுமை குறைவாக இருந்தால் வோல்டேஜ் மேலே நிற்கும். ஹீட்டர் சுற்றை 5 ஆம்பியருக்குச் சுற்றி 1 ஆம்பியர் மட்டும் எடுத்தால் 6.3-க்குப் பதில் 6.7, 6.8 என்று நிற்கும். ஹீட்டர் வோல்டேஜ் 10 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது, அதாவது 5.7-இலிருந்து 6.9 வரை. 1.5 ஆம்பியர் சுற்று நமக்குச் சரி.

ஹீட்டர் சுற்றை அந்தரத்தில் விடாதீங்க. நடு டேப் இருந்தால் கிரவுண்டில் கொடுங்க. இல்லைன்னா இரண்டு முனைகளிலிருந்தும் ஆளுக்கு ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போடுங்க. 'ம்ம்ம்' என்ற ஹம் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

சுவரில் வருவது 230 தானா?

மீட்டரை எடுத்து உங்கள் வீட்டு பிளக்கில் ஒரு நாள் மூன்று வேளை அளந்து பாருங்க. சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஏசியும் ஓடும்போது 210-க்குக் கீழே போகலாம். நள்ளிரவில் 245-க்கு மேல் ஏறலாம். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெரிந்தது விகிதம் மட்டும்தான். சுவரில் 10 சதவீதம் ஏறினால் பி பிளஸும் 10 சதவீதம் ஏறும்: 270 போய் 297. ஹீட்டர் 6.9.

இப்போது அந்த 12 வாட்டுக்குத் திரும்புவோம். 135 ஓம் போட்டால் 230 வோல்ட்டிலேயே எல்லையில் இருக்கிறோம். 253 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 14 வாட்டைத் தாண்டும். பிளேட் இருட்டில் சிவந்து தெரிய ஆரம்பிக்கலாம். வழி எளிது: கேத்தோடு ரெசிஸ்டரை 180 ஓம் ஆக்குங்க. சாதாரண நேரத்தில் சுமார் 10 வாட். சுவரில் 253 வந்தாலும் 12-ஐ ஒட்டியே நிற்கும். மூன்று ரூபாய் ரெசிஸ்டர், வால்வின் ஆயுளைக் காப்பாற்றும்.

சத்தம் குறையுமேன்னு கவலைப்படாதீங்க. திறன் 20 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ காதுக்குத் தெரியும் வித்தியாசம் 1 டெசிபல்கூட இல்லை. இதே காரணத்தால்தான், "இன்னும் 30 வோல்ட் கூட்டினால் சத்தம் கூடுமே" என்ற ஆசையும் வீண். கூடுவது சத்தம் இல்லை, சூடு.

அமெரிக்காவிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரைமரி 120 வோல்ட் என்பது தெரிந்த விஷயம். அதோடு '60 ஹெர்ட்ஸ்' மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீங்க. அதே வோல்டேஜை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் கோரில் காந்தப் பாயம் 20 சதவீதம் ஏறும். கோர் நிறைந்து, முனகி, சூடாகும். '50/60' என்று இருக்கணும்.

எங்கே வாங்குவது, என்ன சொல்வது?

சென்னை ரிச்சி தெருவிலும், பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களிலும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "வால்வு ஆம்ப்புக்கு ஒண்ணு வேணும் அண்ணே" என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு தாளில் எழுதிக் கொடுங்க:

1. பிரைமரி: 0-230-250 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். (250 டேப் இருந்தால், வோல்டேஜ் அதிகம் உள்ள ஊரில் அதில் மாட்டிக்கொள்ளலாம்.)
2. செகண்டரி ஒன்று: 0-200 வோல்ட், 100 மில்லி ஆம்பியர், சுமையோடு.
3. செகண்டரி இரண்டு: 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர், நடு டேப்புடன்.
4. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே செம்புத் தகடு ஷீல்டு, அதற்குத் தனி வயர்.
5. சுற்றுகளுக்கிடையே நல்ல இன்சுலேஷன்; முடிந்ததும் வார்னிஷ்.

"சுமையோடு" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்க. சுமை இல்லாத 200-ஐச் சுற்றிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு 250, 255 டிசிதான் கிடைக்கும். அதுவும் வேலை செய்யும், ஆனால் கேட்டது அதுவல்ல.

சுற்றித் தர ஆள் இல்லையா? இன்னொரு வழி: கடையில் கிடைக்கும் 6-0-6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டை முதுகோடு முதுகாக மாட்டுவது. முதலாவது 230-ஐ 12 ஆக்கும் (இரண்டு முனைகளுக்கிடையே 12). இரண்டாவதைத் திருப்பிப் போட்டு அந்த 12-ஐ அதன் செகண்டரியில் கொடுத்தால், அதன் பிரைமரியில் உயர் வோல்டேஜ் வரும். 230 வராது. ஏனென்றால் சுமையில் 12 வோல்ட் தர, சுமை இல்லாதபோது 13.2 வோல்ட் வரும்படி அதைச் சுற்றியிருப்பார்கள். உண்மையான சுற்று விகிதம் 17.4 அளவில்தான். 12-ஐ அதால் பெருக்கினால் 209. சுமையில் இன்னும் கொஞ்சம் இறங்கி 195-ஐ ஒட்டி நிற்கும். நமக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அதுதானே! பி பிளஸ் 250 பக்கம் கிடைக்கும்.

முதல் டிரான்ஸ்ஃபார்மரின் நடு டேப்புக்கும் ஒரு முனைக்கும் இடையே 6 வோல்ட். ஹீட்டருக்கு அதுவே போதும், 6.3-க்கு 5 சதவீதம்தான் குறைவு. எல்லாச் சுமையும் முதலாவதின் தலையில் விழுவதால் அது 5 ஆம்பியராக இருக்கட்டும். இரண்டாவது 3 ஆம்பியர் போதும்.

வோல்டேஜ் கூடிப்போச்சா?

கையில் ஏற்கெனவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, 20 வோல்ட் அதிகம் வருகிறது என்றால் தூக்கிப் போட வேண்டாம்.

- ரெக்டிஃபயருக்கும் முதல் கெப்பாசிட்டருக்கும் அடுத்து 330 ஓம், 5 வாட் ரெசிஸ்டரும் இன்னொரு கெப்பாசிட்டரும் போடுங்க. 56 மில்லி ஆம்பியரில் 18 வோல்ட் குறையும், ரிப்பிளும் குறையும். சிங்கிள் எண்டடுக்கு இது இரட்டை லாபம்.
- ஹீட்டரும் சேர்ந்து அதிகமாக இருந்தால் பிரச்சினை பிரைமரி பக்கம். ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியைப் பிரைமரியோடு தொடராக, எதிர்த் திசையில் மாட்டினால் 230 போய் 218 ஆகும். எல்லா வோல்டேஜும் 5 சதவீதம் இறங்கும்.
- 30 வோல்ட்டுக்குள் குறைவாக வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். வாசிங்க.

டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி: "230-ஐ நேரா டையோடில் கொடுத்தா 325 வோல்ட் டிசி கிடைக்குமே, டிரான்ஸ்ஃபார்மர் எதுக்கு?"

கணக்கு சரி. ஆனால் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஜாக்கின் கிரவுண்டோடு இணைந்திருக்கின்றன. ஜாக்கின் கிரவுண்டு ஆம்ப்ளிஃபயரின் சேசிஸ். டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் சேசிஸ் வீட்டு மெயின்ஸோடு நேரடித் தொடர்பில். கம்பியைத் தொடும் விரல் மெயின்ஸைத் தொடுகிறது. அமெரிக்காவில் 1950-களிலும் 60-களிலும் இப்படி மலிவாகச் செய்து விற்ற ஆம்ப்ளிஃபயர்களுக்கு 'விதவையாக்கி' என்ற பட்டப்பெயரே உண்டு. டிரான்ஸ்ஃபார்மரின் முதல் வேலை வோல்டேஜை மாற்றுவதல்ல. உங்களை மெயின்ஸிலிருந்து பிரித்து வைப்பது.

இன்னொன்று: வீட்டு ஸ்டெபிலைசரும், லேபில் இருக்கும் வேரியாக்கும் பிரித்து வைப்பதில்லை. அவை ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். வோல்டேஜ் மாறும், பாதுகாப்பு வராது. சேசிஸ் கட்டாயம் மூன்று பின் பிளக்கின் எர்த்தோடு திருகி இணைக்கப்பட வேண்டும். லைவ் வயரில் முதலில் ஃபியூஸ், பிறகு சுவிட்ச்.

முதல் முறை ஆன் செய்யும்போது

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு ஒன்று செய்துகொள்ளுங்க: 60 வாட் குண்டு பல்பு தொடராக. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எரியாது.

முதலில் வால்வுகள் இல்லாமல் ஆன் செய்யுங்க. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து அளங்க. சுமை இல்லாதபோது செகண்டரி 208 அளவில், பி பிளஸ் 295 அளவில் இருக்கணும். சுவரில் 253 இருந்தால் இது 323 வரை போகும். அதனால்தான் கெப்பாசிட்டர் 450 வோல்ட் வாங்கச் சொல்வது. எல்லாம் சரி என்றால் அணைத்து, வால்வுகளையும் ஸ்பீக்கரையும் மாட்டி மறுபடி. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டக்கூடாது.

அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 270 வோல்ட் இருக்கும். முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்க. மொத்தம் 100 மைக்ரோ ஃபாரட் என்றால் முழுசாக இறங்க இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகும் மீட்டரை வைத்துப் பார்த்த பின்பே கை வையுங்க. உயிருள்ள சர்க்யூட்டில் அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

நீங்களே போட்டுப் பாருங்க

ஈஎல்84-க்குப் பதில் 6வி6 போடணும் என்று வைத்துக்கொள்வோம். தகவல் தாள்: பிளேட், ஸ்கிரீன் 250 வோல்ட், கிரிட் மைனஸ் 12.5 வோல்ட், பிளேட் கரண்ட் 45, ஸ்கிரீன் கரண்ட் 4.5 மில்லி ஆம்பியர், ஹீட்டர் 0.45 ஆம்பியர்.

கேத்தோடு 12.5, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 12. பி பிளஸ் கிட்டத்தட்ட 275. கேத்தோடு ரெசிஸ்டர், 12.5-ஐ 49.5 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 250 ஓம், 270 போடலாம். மொத்தக் கரண்ட் 52. செகண்டரி எவ்வளவு? கணக்கைப் போட்டால் நீங்கள் வந்து நிற்கும் இடம் மறுபடியும் 200, 205 வோல்ட்தான். சாக்கெட்டை மாற்றி, ரெசிஸ்டரை மாற்றினால், இதே டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு விதமான ஆம்ப்ளிஃபயர்.

அதனால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றக் கொடுக்கும் முன் ஒரு சாயங்காலம் தாளும் பேனாவும் எடுத்து உட்காருங்க. வால்வு கேட்கும் வோல்டேஜில் ஆரம்பிங்க, கேத்தோடு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ரிப்பிள், டையோடு, கம்பி என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்க, கடைசியில் 1.414-ஆல் வகுங்க. சுவரில் 253 வந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை சரிபாருங்க. அரை மணி நேர வேலை.